சிறு பேரெழுத்துகள்

ஸ்மால் கேப்ஸ் எனப்படும் சிறு பேரெழுத்துகள், ஆங்கிலப் பேரெழுத்தின் வடிவமும் ஏறத்தாழச் சிற்றெழுத்தின் உயரமும் கொண்டவை. பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடு உள்ள உரோமன், கிரேக்கம், சிரில்லிக் போன்ற எழுத்துமுறைகளில் மட்டுமே இவை அமையும். தமிழில் இவ்வேறுபாடு இல்லை. எனினும் தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் நூல்களையும் அழைப்பிதழ்களையும் வடிவமைக்கும்போது இவை தேவைப்படுகின்றன. தவறான இடத்தில் இட்டால் தமிழ்ச் சொற்கள் சிதைந்துவிடக்கூடும்.

உண்மையும் போலியும்

சில எழுத்துருக்களில் சிறு பேரெழுத்துகள் தனியே வரையப்பட்டிருக்கும். அவற்றின் கோட்டுத் தடிமன் பத்தியின் மற்ற எழுத்துகளோடு ஒத்திருக்கும். அவ்வாறு இல்லாதபோது மென்பொருள் பேரெழுத்தைச் சுருக்கிக் காட்டும். இன்டிசைனில் இதன் இயல்பான அளவு 70%. அதாவது 10 புள்ளி எழுத்து 7 புள்ளியாகும். அளவோடு கோடுகளும் மெலிவதால் இந்தப் போலி எழுத்துகள் வெளிறித் தெரியும்.

பாணி உருவாக்குதல்

இன்டிசைனில் கேரக்டர் ஸ்டைல்ஸ் பலகத்தில் புதிய பாணி ஒன்றைத் தொடங்கி, அதற்குப் பெயரிட வேண்டும். பின்னர் அடிப்படை எழுத்து வடிவப் பகுதியில் கேஸ் என்பதில் ஸ்மால் கேப்ஸைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். இப்பாணி சிற்றெழுத்துகளை மட்டுமே மாற்றும். பேரெழுத்தாகத் தட்டச்சிட்டவை முழு உயரத்திலேயே நிற்கும். ஆகவே சுருக்கப்பெயர்களைச் சிற்றெழுத்தில் தட்டச்சிட்டு, பிறகு பாணியை இடலாம்.

தமிழ் எழுத்துருக்களில் சிக்கல்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலச் சிற்றெழுத்தின் இடத்தில் 'க' இருந்தால், அதே பேரெழுத்தின் இடத்தில் 'கு' இருக்கும். மென்பொருளோ அதை ஆங்கிலமாகவே கருதும். எடுத்துக்காட்டாக, பாமினியில் அமைத்த 'வால்பாறை' என்ற ஊர்ப்பெயருக்குச் சிறு பேரெழுத்துப் பாணியை இட்டால் வ, ல, ப, ற ஆகியவை முறையே வு, லு, பு, று என மாறிச் சுருங்கித் தெரியும். ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடங்கள் இருப்பதால் இச்சிக்கல் எழாது.

தவிர்க்கும் முறை

இப்பாணியைப் பத்தி முழுமைக்கும் இடாமல், ஆங்கிலச் சொற்களைத் தெரிவு செய்து அவற்றுக்கு மட்டும் இட வேண்டும். தவறுதலாகத் தமிழுக்கு இட்டிருந்தால், பாணியை நீக்கியதும் சொல் பழைய நிலைக்குத் திரும்பும். ஏனெனில் இது தோற்றத்தை மட்டுமே மாற்றுகிறது. ஆனால் சேஞ்ச் கேஸ் என்ற கட்டளை உள்ளிட்ட எழுத்துகளையே மாற்றிவிடும். கோப்பைச் சேமித்து மூடிய பின் அதை மீட்பது கடினம். தமிழ்ச் சொல்லைத் தனித்துக் காட்டத் தடித்த எழுத்தோ வேறு அளவோ போதுமானது.