வாடகை காத்திருக்காது

அன்று நெய்வேலியில் வேலை கிடைத்தது என்றால் வீடும் கிடைத்தது என்றே பொருள். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டு நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். வட்டம் வட்டமாக டவுன்ஷிப் எழுந்தது. நிரந்தரத் தொழிலாளிக்குக் குவார்ட்டர்ஸ், பிள்ளைக்குப் பள்ளி, நோய் வந்தால் ஆஸ்பத்திரி. சேரியிலிருந்து ஒருவர் நிரந்தரமாகிவிட்டால் அந்தக் குடும்பமே நிமிர்ந்தது.

ஆனால் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்தவர் பட்டாவைக் காட்டி இழப்பீடு கேட்டார். அதே நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர் எதைக் காட்டுவார்?

அப்படி ஒரு குடும்பத்தின் பேத்தி இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. டவுன்ஷிப் மரங்களின் நிழலில் நடந்து வேலைக்குப் போவார், திரும்பி வருவது மந்தாரக்குப்பத்து ஒற்றை அறைக்கு. அந்த அறையில் மகள் உட்கார்ந்து எழுத இடமில்லை. அதனால் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை தேடினார். இரண்டு ஆண்டில் மூன்று வீடு மாறிவிட்டார். புத்தகங்களை அரிசிச் சாக்கிலேயே வைத்திருக்கிறார். மறுபடியும் கட்ட வேண்டியதுதானே என்கிறார்.

வீடு பார்க்கப் போன ஓர் இடத்தில் நானும் கூட இருந்தேன். வீட்டம்மா அன்பாகத்தான் பேசினார், மோர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "எந்த ஊரும்மா? ஊர்ல எந்தத் தெரு?" பதில் சொன்னதும், நேற்றுத்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது அவருக்கு நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தோம்.

ஆதிதிராவிடர், பழங்குடியின ஆய்வு மாணவருக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். மாதக் கணக்கில் பிரித்தால் 8,333 ரூபாய். யு.ஜி.சி.யின் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதந்தோறும் 37,000. ஆனால் தொகை சிறியதா பெரியதா என்பதைவிட, அது எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதே இந்தப் பெண்ணின் கவலை. வீட்டுக்காரர் ஐந்தாம் தேதி கதவைத் தட்டுகிறார். கையில் காசில்லாத வாரங்களில் ஊருக்குப் போகும் வழியில் வடலூரில் இறங்கி, வள்ளலாரின் தருமச்சாலையில் சாப்பிடுகிறார். 1867-இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. அந்தப் புண்ணியவான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கினார். 2016 ஜனவரியில் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1.75 லட்சம் என்று கணக்கு எழுதியிருந்தார். அதை மறந்துவிட்டு யாரும் ஊக்கத்தொகையைப் பற்றிப் பேச முடியாது.

சுரங்கத் தொழிலாளியின் சம்பளம் மாதாமாதம் வருகிறது. ஆய்வு மாணவரின் பணமும் அப்படியே, மாதத்தின் ஒன்றாம் தேதி வங்கியில் விழட்டும். ஆய்வு முடியும்வரை விடுதி அறையும் உறுதியாகட்டும். கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அடுத்த கல்வியாண்டுக்குள் செய்துகொடுங்கள்.