பெயர் எழுதப்படாத இரு மாணவர்கள்

இக்கூடத்தில் முதுகலை மாணவர்களின் படங்கள் ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர் இருக்கிறது. இதே பினாங்கில் 1862 வாக்கில் படத்தொழில் கற்ற இருவருக்கு அது வாய்க்கவில்லை.

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் அப்போது கேமராவோடு இங்கே வந்து சில மாதங்கள் தங்கினார். அச்சிடவும் உடனிருந்து உதவவும் மதராஸ்காரர் இருவரைப் பழக்கிக்கொண்டதாகப் பின்னாளில் தன் பயண நூலில் எழுதினார். கை படாமல் உருவம் பதிவதைப் பேய்வேலை என்று சொல்லிச் சீனர்கள் ஒதுங்கிவிட்டார்களாம். அந்த இருவரும் தமிழராகத்தான் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறோம். பினாங்குக்கு மதராஸிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே.

அவர்கள் புழங்கிய முறை கடினமானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக் கரைசலை ஊற்றி, தகட்டைச் சாய்த்துச் சாய்த்தே சமமாகப் பரப்ப வேண்டும். இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே உருத்துலக்க வேண்டும். இந்த ஊர் வெக்கையில் சில நிமிடங்களே அவகாசம். பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசி, வெள்ளிக் கரைசலில் நனைத்து உலர்த்திய தாளின் மேல் அந்தத் தகட்டை வைத்து வெயிலில் காட்டினால், படம் மெல்ல மெல்லத் தெளியும்.

அச்சிட்டவரின் விரல்களில் வெள்ளிக் கறை பல நாள் கறுத்தே கிடக்கும்.