ஊர் ஆசையும் ஒரு கையெழுத்தும்

மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் யாரோ ஒருத்தி கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஓட்டு வீடு, கிணறு, ரெண்டு ஆடு. கல்லில் தோசை கருகுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு வயது ஐம்பது. மகனுக்கு வேலை, மகளுக்குப் பரீட்சை, கணவருக்குச் செய்திச் சேனல். "எல்லாத்தையும் விட்டுட்டு ஊர்ப்பக்கம் போயிடணும்" என்று அவர் சொன்னால் யாரும் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

ஆசையில் தப்பில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மட்டும் அதை ஊர் ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த வீடியோவிலேயே விளம்பரம் வந்துவிடும்: பண்ணை நிலம், மாங்கன்று நட்டுத் தருகிறோம், இன்றே முன்பணம். அனுமதியில்லாமல் புதிதாகப் போட்ட மனையைப் பத்திரம் பதிய விடாமல் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு தடுக்கிறது. அதைச் சுற்றிவர, மொத்த நிலத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதிக்கொடுப்பவர்கள் உண்டு. பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கும். எந்த மாமரம் உங்களுடையது என்று காட்ட எல்லைக்கல் இருக்காது. வெறும் பவர் பத்திரத்தை வாங்கினால் நிலம் உங்களுடையதாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பஞ்சமி நிலமா, கோயில் நிலமா என்று விசாரியுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வண்டிப்பாதை யாருடையது என்பதைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

நிலத்துக்குப் பணம் எங்கே என்றால், சீராக வந்த நகை உங்கள் சொத்து. அதை விற்று உங்கள் பெயரில் வாங்கும் நிலமும் அப்படியே. 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

நிலம் தேடும் பலருக்குப் பிறந்த ஊரிலேயே நிலம் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது தம்பி ஒரு தாளை நீட்டுவான். "பட்டா மாத்தணும்க்கா, சும்மா ஒரு கையெழுத்து." அது பெரும்பாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. இந்து வாரிசுச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் கதை வேறு. "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பது சட்டத்தில் எடுபடாது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் தனி. அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்துசெய்ய வழக்குப் போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், உதவி எண் 15100.

அந்தத் தோசைக்கல் அக்காவிடம் தம்பி தாளை நீட்டியபோது, "ஜெராக்ஸ் குடுப்பா, படிச்சிட்டுப் போடறேன்" என்றார். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கும் பாத்தியமும் உட்பட.