சின்னப்பிள்ளையின் கணக்கு

சின்னப்பிள்ளை என்றதும் எல்லாரும் அந்தப் படத்தைத்தான் சொல்வார்கள். 2001 ஜனவரி, டெல்லி. விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து, மதுரைப் பக்கத்து விவசாயக் கூலிப் பெண் ஒருவரின் காலைத் தொட்டு வணங்குகிறார். எங்கள் மகளிர் குழு கூடுகிற வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. மேலூர்ப் பக்கம் அந்தக் குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் எழுதியவள் நான். அதனாலோ என்னவோ, படத்தைப் பார்த்தால் பிரதமர் குனிந்தது எனக்கு அப்புறம்தான் கண்ணில் படும். இந்த அம்மா எத்தனை கூட்டத்தில் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருப்பார் என்றுதான் முதலில் தோன்றும்.

பிறந்தது கள்ளந்திரி, வாக்கப்பட்டது பில்லுச்சேரி. இரண்டும் அழகர்கோவில் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. கொத்துத் தலைவியாக இருந்தவர். நகரத்து வாசகர்களுக்கு அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு என்று வந்தால் நிலக்காரர் ஒவ்வொரு வீடாகப் போய் ஆள் கூப்பிட மாட்டார். கொத்துத் தலைவியிடம்தான் பேசுவார். எத்தனை ஆள், கூலி எவ்வளவு, நெல்லா காசா, எந்த வயலில் முதலில் இறங்குவது, எல்லாம் அவள் பேசி முடித்து ஆள் கூட்டிப்போக வேண்டும். கூலி குறைந்தால் இந்தப் பக்கம் வசவு, வேலை குறைந்தால் அந்தப் பக்கம். கை தளர்ந்த கிழவியை நிலக்காரர் வேண்டாம் என்பார். அவளை விட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு அவள் வீட்டில் உலை கொதிக்காது. சின்னப்பிள்ளை படித்த பள்ளிக்கூடம் இதுதான்.

1990-ஐ ஒட்டி மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் முளைத்தன. பின்னாளில் தானம் அறக்கட்டளை என்று அமைந்தவர்களின் முயற்சி அது. சின்னப்பிள்ளையும் அதில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கிராமத்தில் 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்பது யாரும் அதிசயமாகப் பேசுகிற விஷயமில்லை. 1,000 ரூபாய் வாங்கினால் வருஷத்துக்கு வட்டியே 1,200. அசல் அசையாமல் நிற்கும். இப்போது குழுக் கணக்கைப் பாருங்கள். 20 பெண்கள், ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 400, வருஷம் 4,800. அந்தக் காசு பெட்டியில் தூங்காது. கூட்டத்திலேயே யாருக்காவது கடனாகப் போய்விடும். வட்டி 100-க்கு 2 ரூபாய் என்று குழுவே முடிவு செய்தால், அந்த வட்டியும் அதே பெண்களின் பெட்டிக்கே திரும்பும். நம்பி வங்கிகள் வந்ததெல்லாம் பிறகுதான். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வைத்துத்தான் சோதனையைத் தொடங்கியது.

தாளில் எழுதினால் இவ்வளவுதான். கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் எங்கள் குழுவில் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு கடனுக்குத்தான் காணும். கேட்டவர்கள் மூன்று பேர். ஒருத்திக்குப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ஒருத்திக்கு மாட்டு வைத்தியம், இன்னொருத்திக்கு அடகில் கிடந்த அண்டாவை மீட்க வேண்டும். மூத்தவள் ஒருத்தி, நாங்கள் அப்பத்தா என்று கூப்பிடுகிறவள், “அண்டா கடையில கெடந்தா கெட்டா போகும்? புள்ள படிப்பு நின்னா நிக்கிறதுதானத்தா” என்று சொல்லிவிட்டாள். அண்டாக்காரி விருட்டென்று எழுந்து போனவள் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. சந்தாவும் வரவில்லை. யாராவது பொழுது சாய்ந்த பிறகு அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, அவள் மாமியார் பேச்சையும் சேர்த்துக் கேட்டு, சமாதானம் சொல்லிக் கூட்டி வர வேண்டும். அந்த நடைக்குச் சம்பளம் கிடையாது. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுத ஒரு பத்தியும் கிடையாது. எழுதியவள் சொல்கிறேன்.

சின்னப்பிள்ளை இந்த நடையைத்தான் ஊர் ஊராக நடந்தார். பகலில் வயல் வேலை, அதற்கப்புறம் அடுத்த ஊரில் கூட்டம். பின்னால் களஞ்சியம் இயக்கத்தின் தலைவராகப் பிற மாநிலங்களுக்கும் போனார்.

என்னைக் கேட்டால், விருதைவிடப் பெரியது கண்மாய் மீன் விவகாரம். கோடையில் தண்ணீர் வற்றும்போது கண்மாயில் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகைக்கு விடுவார்கள். வழக்கமாக அது ஊரில் வசதியுள்ளவர்கள் கைக்குத்தான் போகும். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் நாள் முழுக்க நாற்று நட்டவர்களுக்கு மீன் மேல் பாத்தியதை இல்லை. சின்னப்பிள்ளையும் மற்றப் பெண்களும் அதிகாரிகளிடம் முறையிட்டு அந்த உரிமையை ஏழைகளுக்கு வாங்கினார்கள். இதைச் சுலபமாக எழுதிவிட்டேன். யாரை எதிர்த்துக் குத்தகை கேட்டார்களோ, மறுநாள் வேலைக்கு அவர்கள் வயலில்தான் இறங்க வேண்டும். கிராமத்தில் கூலிக்குப் போனவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட துணிச்சல் என்று புரியும்.

டெல்லியில் கிடைத்தது ஸ்திரீ சக்தி விருது. அகல்யாபாய் ஹோல்கர், கண்ணகி, ஜீஜாபாய், ராணி கைதின்லியு, ஜான்சி ராணி என்று ஐந்து பேர் பெயரில் அப்போது அதைக் கொடுத்தார்கள். மதுரைக்காரிக்குக் கிடைத்ததோ சிவாஜியின் தாயார் ஜீஜாபாய் பெயரில்! கண்ணகி விருதைக் கொடுத்தால் மதுரைக்கு மறுபடி ஆபத்து என்று பயந்தார்களோ என்று எங்கள் குழுவில் சொல்லிச் சிரிப்போம். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது.

இத்தனை பேருக்குக் கடன் வாங்கவும் அடைக்கவும் துணை நின்றவருக்குச் சொந்தமாகச் சரியான வீடு இல்லை என்பது 2024-ல் செய்தியாக வந்தபோது, எங்கள் குழுப் பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. தமிழ்நாடு அரசு வீடு கட்டித்தர உத்தரவிட்டது. பிரதமர் காலைத் தொட்டு 23 வருஷம் கழித்து.