உள்ளங்கை அறியும் பள்ளம்

குடிபாலாவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதி 800இன் இடப்பக்கக் கதவில், கீழ் ஓரமாக ஒரு கொப்புளம் கிளம்பியிருந்தது. புளியங்கொட்டை அளவுதான். கட்டைவிரலால் அழுத்தினேன். பெயிண்ட் அப்பளம்போல் நொறுங்கி விழுந்தது. அதன் அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் செங்கல் பொடிபோலத் துரு. பெயிண்ட் அடித்து ஓராண்டுகூட ஆகவில்லை. பளபளவென்று வாங்கி வந்த அந்த நாளிலேயே துரு உள்ளே உட்கார்ந்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இனி இந்த வண்டியின் தோலை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவுசெய்தேன். அப்படிக் கற்றுக்கொண்டதில் முதல் பாடம், வண்ணம் கடைசி வேலை என்பது. பத்து நாள் வேலையில் வண்ணம் அடிப்பது ஒரு காலைப்பொழுதுதான். மற்ற ஒன்பது நாளும் தேய்ப்பது.

கார் உடலின் இரும்புத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதன்மேல் தொழிற்சாலை போடும் எல்லாப் பூச்சும் சேர்ந்தே 100 முதல் 120 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, வெயிலுக்கும் மழைக்கும் நடுவே நிற்பது ஒன்றரை மயிரிழைக் கனம். அதற்குள்ளேயே நான்கு அடுக்கு இருக்கிறது. அடியில் மின்சாரத்தால் ஒட்டவைத்த பிரைமர், அதன்மேல் சமப்படுத்தும் பூச்சு, அதற்கும் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடிபோன்ற கிளியர் கோட். தொழிற்சாலையில் முழு உடலையும் பிரைமர் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பிறகு 160 டிகிரிக்கும் மேல் சூட்டில் வேகவைக்கிறார்கள். கதவுக்கு உள்ளே, கை நுழையாத இடுக்குகளில்கூட அந்தப் பூச்சு ஏறிவிடும். வீட்டில் அதைச் செய்ய முடியாது. அதனால் தொழிற்சாலைப் பிரைமர் எங்கெல்லாம் உறுதியாக ஒட்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் அதைச் சுரண்டாமல் விட வேண்டும். அதைவிட நல்ல அடித்தளம் நமக்குக் கிடைக்காது. மொத்தமாகச் சுரண்டிப் புதிதாகப் போட்டால்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

துரு பிடித்த இடத்தில் மட்டும் இரக்கம் காட்டக் கூடாது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. அதனால்தான் மேலே இருக்கும் பூச்சை நெம்பிக்கொண்டு கொப்புளமாகக் கிளம்புகிறது. கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி அவற்றை அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் கண்ணாடி வழியாக இறங்கும் நீர் உள்ளேயே தேங்கும். கதவு உள்ளிருந்து வெளியே அரித்துப்போகும். நாம் வெளியே இருந்து எவ்வளவு பூசினாலும் பயனில்லை. முதலில் ஒரு குச்சியால் அந்தத் துளைகளைக் குத்தித் திறக்க வேண்டும். பிறகு துருவைக் கம்பித் தூரிகையால் வெள்ளை இரும்பு தெரியும்வரை உரசி எடுக்க வேண்டும். குழிகளுக்குள் ஒளிந்திருப்பதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி இருக்கிறது. அது துருவைக் கறுத்த இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். தகடே ஓட்டையாகியிருந்தால் டிங்கரிடம் கொடுத்து வெட்டித் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஓட்டையின் மேல் பட்டியை அப்புவது புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். என் வண்டிக்கு நடந்ததும் அதுதான்.

பட்டி என்று நாம் சொல்வது பாலியெஸ்டர் பிசினோடு மாக்கல் பொடி கலந்த பசை. அதோடு சிறு குழாயில் வரும் ஹார்ட்னரைச் சேர்த்தால் பிசின் இறுகும். பட்டியின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு ஹார்ட்னர் போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால், மிச்சம் நிற்கும் ஹார்ட்னர் பிறகு மேலே கசிந்து வெள்ளைப் பெயிண்டில் திட்டுத் திட்டாகக் கறை காட்டும். 25 டிகிரியில் சில நிமிடமே இளக்கமாக இருக்கும் பட்டி, வேலூரை வெயிலூர் என்று கேலி செய்யும் நம் பகுதிச் சித்திரை வெயிலில் தகட்டில் இழுக்கும் முன்பே கட்டியாகிவிடும். எனவே எலுமிச்சை அளவு மட்டும் குழைத்து, நிழலில் வைத்துப் பூச வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனம் போகக் கூடாது. அதற்கு மேல் பள்ளம் இருந்தால், பின்பக்கம் இரும்புக் கட்டையைத் தாங்கக் கொடுத்து முன்பக்கம் சுத்தியலால் தட்டித் தகட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். பட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. அது பஞ்சுபோல் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் மூடிய பிறகு வெயிலில் அந்த நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும். மூன்று மாதத்தில் கொப்புளம். தூசி பறக்காது என்பதற்காக நம் ஊர்களில் எல்லாவற்றையும் தண்ணீர் எமரியால் தேய்க்கும் பழக்கம் இருக்கிறது. பிரைமருக்கு மேல் போன பிறகு அது நல்ல பழக்கம். பட்டியில் மட்டும் உலர் எமரிதான், மூக்கில் முகமூடியோடு.

எமரித் தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். 80ஆம் எண்ணில் தொடங்கி 120, 220 என்று ஏற வேண்டும். பிரைமருக்கு 400. நிறத்துக்கு முன் 600 அல்லது 800. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிக்கிறது, அவ்வளவே. நடுவில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கீறல் அடியில் தங்கி, பெயிண்ட் காய்ந்து சுருங்கும்போது மேலே கோடாகத் தெரியும்.

சமமாகிவிட்டதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பட்டியும் பிரைமரும் மங்கலானவை, ஒளியைச் சிதறடித்துவிடும். ஆனால் பெயிண்ட் ஏறி மினுங்கியதும் ஒவ்வொரு மேடும் பள்ளமும் டியூப் லைட்டின் பிம்பத்தை நெளித்துக் காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்பே அறிய நம்மிடம் இருக்கும் கருவி கைதான். கண்ணை மூடிக்கொண்டு, விரல்களை நீட்டி, உள்ளங்கையைத் தகட்டின்மேல் நீளவாக்கில் மெல்ல ஓட்ட வேண்டும். இடையில் ஒரு மெல்லிய மல் துணியை வைத்தால் உரசல் குறைந்து மேடு பள்ளம் இன்னும் தெளிவாகப் புரியும். கையின் நுட்பம் சாதாரணமானதன்று. ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவுப்படி, வழுவழுப்பான பரப்பையும் 13 நானோமீட்டர் உயர வரிகள் கொண்ட பரப்பையும் மனித விரல் பிரித்தறிகிறது. ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர். பட்டறையில் வேலை பழகும் பையனைப் பெரியவர்கள் முதல் மாதம் முழுவதும் தொட்டுப் பார்க்கவே விடுவதன் பொருள் எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இந்தத் தொழிலின் கருவிகளுக்குப் பின்னால் அருமையான கதைகள் உண்டு. அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், அப்போது புதிதாக வந்திருந்த தண்ணீர் எமரியைச் சோதிக்க செயின்ட் பால் நகரத்தின் கார் பட்டறைகளுக்குப் போய்வந்தார். இரட்டை வண்ணக் கார்கள் மோகமாக இருந்த காலம். ஒரு நிறத்தை மறைக்கத் தொழிலாளர்கள் ஒட்டிய காகிதத்தைப் பிரித்தால் பெயிண்டும் கூடவே உரிந்து வந்தது. அவர்களின் புலம்பலைக் கேட்டு, ஒட்டவும் செய்து, உரிக்கவும் வரும் நாடாவை ட்ரூ 1925இல் உருவாக்கினார். இன்று பெயிண்ட் கடையில் நாம் வாங்கும் மாஸ்கிங் டேப் அதுதான். ஸ்பிரே கன்னின் பிறப்போ வைத்தியரின் அறையில். ஓஹியோ மாநிலத்தின் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு சிறு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் 1907இல் அதைப் பெயிண்டுக்கு மாற்றினார். அதில் அடிக்க ஏற்ற பெயிண்ட் 1920களில் வந்தது. அது டுபான்ட் நிறுவனத்தின் டூக்கோ. பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்த அந்தப் பெயிண்ட், அதுவரை வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார்களைச் சில மணி நேரத்தில் காயவைத்தது. கடைகளில் இன்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்று கேட்டு வாங்குவது அந்த வம்சம்.

வீட்டில் அடிப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் அதிக நாள் உழைக்கும், மினுமினுப்பும் கூடுதல். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த வாயுவும் அந்த வேதிக் குடும்பத்தில் ஒன்று. ஹார்ட்னரில் உள்ளது அந்த வாயு இல்லை. ஆயினும் அதன் தெளிப்பைச் சுவாசிப்பவர்களுக்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் முகமூடி இல்லாமல், குழந்தைகள் விளையாடும் வாசலில் அதை அடிப்பது பெரும் தவறு. என்.சி.யும் தீங்கில்லாதது அன்று. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் அடுப்பைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். சமையலறை இருக்கும் பக்கம் அடிக்கக் கூடாது. கரிமக் குடுவை பொருத்திய முகமூடி கட்டாயம்.

பழைய பெயிண்ட் எது என்று தெரியாவிட்டால் தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் என்.சி. ஏறாமல் சுருங்கிப் பொரிந்தால் எனாமல். அதன்மேல் நேரே என்.சி. அடித்தால் மொத்தமும் அப்படியே பொரியும்.

இனி வானிலை. நம் பகுதிக்கு ஏற்றது மாசி, பங்குனிக் காலை, ஏழு மணியிலிருந்து பத்துக்குள். வெயில் ஏறிய பிறகு தகடு கை வைக்க முடியாதபடி சுட்டால், பெயிண்ட் துளி தகட்டில் சேரும் முன்பே பாதி காய்ந்து பொடியாக ஒட்டும். மழைக்காலத்தில் வேறு தொல்லை. தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். காய்ந்ததும் பார்த்தால் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்திருக்கும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து மேலே ஒரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் தொட்டியிலும் நீர் சேரும்; தொடங்கும் முன் அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அமர்த்துங்கள். வண்டியைத் துடைத்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையால் தொடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் விலகி மீன் கண் மாதிரி வட்டக் குழி விழும்.

கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை ஆட்டாமல், முழுக் கையும் தகட்டுக்கு இணையாக நகர வேண்டும். மணிக்கட்டு வளைந்தால் நடுவில் வழியும், ஓரத்தில் பற்றாது. விசையை ஓரத்துக்கு முன்பே அழுத்தி, ஓரம் தாண்டிய பிறகே விட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். முதல் கோட்டில் அடிநிறம் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். அங்கேயே மூடிவிடத் துடித்தால் வழியும். பத்து, பதினைந்து நிமிட இடைவெளியில் ஐந்தாறு மெல்லிய கோட்கள். சாத்துக்குடித் தோல்போல் சொரசொரப்பு வந்தால் பயப்பட வேண்டாம். நன்கு காய்ந்ததும் 1500, 2000 எண் தண்ணீர் எமரியில் தேய்த்து ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினால் கண்ணாடியாகிவிடும். வழிந்த இடத்தையும் அதே போலத்தான் எடுப்பது.

நிறத்தை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். ராணுவத்தின் ஆலிவ் பச்சையை மட்டும் தனியார் வண்டிக்கு அடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நான் பழைய வெள்ளையையே அடித்தேன்.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அடிவரை தின்னர் வெளியேற ஒரு மாதம் பிடிக்கும். அதுவரை மெழுகு பூசக் கூடாது, மேலே உறை போர்த்தக் கூடாது. நிழலுக்கென்று மாமரத்தடியில் நிறுத்தவும் கூடாது. தோலையே பொசுக்கும் மாங்காய்ப் பால் இளம் பெயிண்டில் ஒரு துளி சொட்டினாலும் தழும்பு விழும். சித்தூர் மாவட்டத்தில் மாமரம் இல்லாத நிழலைத் தேடுவது கொஞ்சம் சிரமம்தான். நான் வீட்டின் வடக்குச் சுவர் ஓரமாகக் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டேன்.