உரிமமும் உயிர்க்காப்பும்

மதுரைக்காஞ்சி காட்டும் ஊர்க்காவலர் மழை பெய்யும் நள்ளிரவிலும் கள்வரைத் தேடித் திரிந்தனர். அன்று நகர்க்காவல் என்றால் கண்விழித்தலே. இன்று அக்கடமை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. காவல்துறை மாநில அரசின் பொறுப்பு. கட்டட அனுமதியும் தொழில் உரிமமும் நகராட்சியின் பொறுப்பு. 1992இல் நிறைவேறிய 74ஆம் அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களுள் தீயணைப்பையும் சேர்த்தது. எனினும் தமிழகத்தில் அது மாநிலத் துறையாகவே இயங்கி வருகிறது.

பொறுப்பு பிரிவதில் தவறில்லை. பார்வை பிரிவதிலேதான் கேடு. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடக் கீற்றுக்கூரையில் பற்றிய நெருப்பு, மாடிக் கொட்டகைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள். இறங்கி ஓடவோ ஒடுங்கிய படிக்கட்டு. கீற்று எரியும் என்பதை அறியாதார் எவர்? உரிய காலத்தில் நேரில் சென்று பார்த்து, அகற்றுக எனக் கண்டிப்புடன் சொல்லும் கண்காணிப்பே அங்கு இல்லாது போயிற்று. அவ்விழப்பிற்குப் பின்னரே பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது.

ஆகவே உரிமம் என்பது கட்டணம் பெற்று வழங்கும் தாளன்று. உயிர்களுக்கு நகரம் அளிக்கும் வாக்குறுதி என்றே நாம் கொள்ளுதல் வேண்டும். அவ்வாக்குறுதி காக்கப்படுகிறதா என வினவுதல் வாக்களிக்கும் நம் ஒவ்வொருவருக்கும் கடனாகும்.