பத்துத் தம்ளரில் எத்தனை உடையும்?

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் இருக்கும் கண்ணாடித் தம்ளரை முழங்கால் உயரத்திலிருந்து கீழே விட்டால் உடையுமா? யாராலும் சொல்ல முடியாது. அதே மாதிரி பத்துத் தம்ளரை விட்டால்? நாலைந்து முறை போட்டுப் பார்த்தவர் 'மூன்று, நான்கு போகும்' என்று சொல்லிவிடுவார். இடுப்பு உயரம் என்றால் ஏழெட்டு. எவர்சில்வர் என்றால் நசுங்குமே தவிர உடையாது. ஒற்றைத் தம்ளரைப் பற்றிச் சொல்ல முடியாததைப் பத்துத் தம்ளரைப் பற்றிச் சொல்ல முடிகிறது. இயற்கைப் பேரிடரின் இழப்பைக் கணக்கிடும் வித்தையில் பாதி இதுதான்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில், பேரிடர் மேலாண்மைக்கான மத்திய முகமையான ஃபீமாவின் பயிற்சி நிலையம் இருக்கிறது. பேரிடர் பணிகளைப் பார்க்கும் அதிகாரிகள் இந்தக் கணக்கைப் பழகிய இடம் அது. அதற்கென்று ஃபீமா உருவாக்கிய மென்பொருளின் பெயர் ஹேஸஸ். 1997இல் வெளிவந்தபோது நிலநடுக்கத்துக்கு மட்டும் கணக்குச் சொன்னது. வெள்ளம், புயற்காற்று, சுனாமி எல்லாம் பிறகு சேர்ந்தவை.

நிலநடுக்கக் கணக்குக்குள் போவோம். முதல் கேள்வி: எந்த இடம் எவ்வளவு ஆடும்? நிலம் பிளக்கும் இடத்திலிருந்து உள்ள தூரம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. கேசரித் தட்டைத் தட்டிப் பாருங்கள், தட்டைவிடக் கேசரி அதிகமாக ஆடும். இளகிய வண்டல் மண்ணும் அப்படித்தான், பாறையைவிடக் கூடுதலாக ஆடும். ஆகவே மண்ணின் வரைபடமும் வேண்டும்.

இரண்டாவது: அங்கே என்ன இருக்கிறது? எத்தனை வீடுகள், அவற்றில் மரச்சட்ட வீடு எத்தனை, கம்பி வைக்காத வெறும் செங்கல் கட்டடம் எத்தனை? நாடு முழுவதற்குமான பொதுப் பட்டியல் ஒன்று மென்பொருளோடு வருகிறது. அதைத் திருத்தவும் வகுப்பில் பழகினார்கள். ஏன் திருத்தவேண்டும்? மென்பொருளின் பழைய வெள்ளக் கணக்கு, ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதியில் உள்ள வீடுகள் அதன் பரப்பு முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொண்டது. உண்மையில் பாதி இடம் வயலாக இருக்கலாம். வீடுகளெல்லாம் மேட்டில் இருக்கலாம். திரையில் மூழ்கும் வீடுகள் ஊரில் மூழ்கவே மூழ்காது. இது மென்பொருளுக்குத் தெரியாது, அந்த ஊர் அதிகாரிக்குத் தெரியும். என்னைக் கேட்டால், பயிற்சியின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் நம் தம்ளர் கணக்கு. இன்ன வகைக் கட்டடம் இவ்வளவு ஆட்டத்துக்கு எந்த அளவு சேதமாகும்? சேதமில்லை, இலேசு, நடுத்தரம், கடுமை, முழுச்சேதம் என்று ஐந்து படிகள். நூறு கட்டடங்களில் எத்தனை எந்தப் படியில் விழும் என்று ஒரு வளைகோடு சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது.

அதன் பிறகு சேதத்தைப் பணமாக, காயமாக, முகாமில் தேவைப்படும் இடமாக மாற்றுவது. இடிபாடுகளைக்கூட, லாரிக்கு 25 டன் வீதம், இத்தனை நடை என்று சொல்லிவிடும். காயம், உயிரிழப்பு இவற்றை மட்டும் ஒரே எண்ணாகச் சொல்வதில்லை. இரவு 2 மணி, பகல் 2 மணி, மாலை 5 மணி என்று மூன்று வேளைக்கும் தனித்தனிக் கணக்கு. ஏன் என்பதற்கு, 1994 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவில் வந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் ஒன்றே போதும். விடிவதற்கு முன், நாலரை மணி. இடிந்த வணிக வளாகத்தில் கடைக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம் நசுங்கி, உறங்கிக்கொண்டிருந்த 16 பேர் இறந்தார்கள். பகலில் வந்திருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். 2008இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் லூசி ஜோன்ஸ் தலைமையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் தெற்கு சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 7.8 அளவு நிலநடுக்கம், நவம்பர் 13, காலை 10 மணி. சுமார் 1,800 பேர் இறப்பார்கள், 50,000 பேர் காயமடைவார்கள், இழப்பு 21,300 கோடி டாலர். ஹேஸஸும் அந்தக் கணக்கில் பங்கெடுத்தது. தேதி, மணி எல்லாம் போட்டிருந்தால் நமக்கு என்ன தோன்றும்? பஞ்சாங்கத்தில் கிரகணம் போட்டிருப்பது போல, அன்றைக்கு வரப்போகிறது என்றுதானே?

இல்லை. நிலநடுக்கம் எப்போது வரும் என்று சொல்ல இன்றுவரை வழியில்லை. அந்தத் தேதி, லட்சக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் மேசைக்கடியில் குனிந்து பழகிய ஒத்திகைக்காகக் குறித்த நாள். கல்யாணச் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஆயிரம் பேர் வந்தால் அரிசி இத்தனை மூட்டை' என்கிறார். ஆயிரம் பேர் வருவார்கள் என்று அவர் சொல்லவில்லை. 'வந்தால்' என்ற சொல்லை விட்டுவிட்டு மூட்டையை மட்டும் நாம் காதில் வாங்கிக்கொள்கிறோம்.

அந்த மூட்டைக் கணக்கும் துல்லியமல்ல. விடை இரண்டு மடங்கு முன்னே பின்னே போகலாம் என்று ஹேஸஸ் கையேடே எச்சரிக்கிறது. பிறகு எதற்கு இது? தேவை பத்து லாரியா, ஆயிரம் லாரியா என்று தெரியவேண்டிய அதிகாரிக்கு இரண்டு மடங்குப் பிழை பெரிதல்ல. எண்ணைவிட, எண்ணின் உட்பிரிவு அதிகம் பேசும். 2008 கணக்கில் சாவுகளில் ஏறத்தாழ பாதி, கட்டடம் இடிந்து வந்தவையல்ல. நடுக்கத்தைத் தொடர்ந்து எழும் தீயால் வருபவை. அதே நேரத்தில் தண்ணீர்க் குழாய்களும் உடைந்திருக்கும். தீயணைப்பு வண்டி வந்து நின்றாலும் குழாயில் தண்ணீர் இருக்காது.

இப்படிப்பட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? 2014இல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி லூசி ஜோன்ஸை ஆலோசகராக அழைத்தது. மறு ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டு மேலே வீடுகள் கட்டியிருக்கிறார்களே, நம் சென்னையிலும் தெருவுக்குத் தெரு பார்க்கிறோமே, அந்த மாதிரி பழைய மரச்சட்டக் குடியிருப்புகளின் தரைத்தளத்தை வலுப்படுத்தியே ஆகவேண்டும் என்று. 1994இல் 16 பேரைப் பலிகொண்டது அந்த வகைக் கட்டடம்தான். பட்டியலில் சுமார் 13,500 கட்டடங்கள் வந்தன. தூண்களுக்கிடையே எஃகுச் சட்டம் ஏறிய பிறகு, மூன்றாவது கேள்வியில் அந்தக் கட்டடத்துக்கு வேறு வளைகோடு. நிலநடுக்கத்தின் அளவையோ நேரத்தையோ மாற்றவேண்டாம், கீழே வரும் எண் குறைந்திருக்கும்.